திரைக்குள் ஓர் இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து தட்டின: சில விளையாட்டுகள் மட்டும் நம்மை உள்ளே இழுத்து உட்கார வைத்துவிடுகின்றனவே, அது எப்படி? எனவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: டெட்ரிஸ் ஆட உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரிவதில்லை. இன்னொரு பக்கம், திரைக்குள் இஷ்டப்படி சுற்றித் திரியவிடும் ஒரு திறந்தவெளி வீடியோ விளையாட்டில் எந்த வேலையும் செய்யாமல் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இரண்டையும் "மூழ்கிப்போவது" என்றே சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: ஒன்றில்லை. இரண்டு அனுபவங்களை ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில் இடம் என்று எதுவும் கிடையாது. விழுகின்ற கட்டைகளும், அவற்றைப் பொருத்துகின்ற வேலையும் மட்டுமே உண்டு. அந்த வேலை நம் திறமைக்கு ஒரு நூலிழை மேலேயே இருந்துகொண்டிருப்பதால், மனம் வேறு பக்கம் திரும்ப நேரமில்லாமல் போகிறது. சதுரங்கம் ஆடுபவருக்கும் இதுவே நேர்கிறது; கையிலிருக்கும் குதிரை மரத்தால் ஆனதா பிளாஸ்டிக்கால் ஆனதா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இதனை ஈடுபாடு என்று சொல்லலாம்.

மழையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அது வேறு. அங்கே உங்களுக்கு வேலையே இல்லை, இருந்தும் கிளம்ப மனம் வரவில்லை. ஓர் இடத்தில் இருக்கிறோம் என்ற இந்த உணர்வைச் சூழலுணர்வு என்று இங்கே குறிப்பிடுகிறேன். மெய்நிகர் உலகங்களை ஆராய்ந்துவரும் மெல் ஸ்லேட்டர் 2009இல் இதனையும் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: "நான் அங்கே இருக்கிறேன்" என்ற மயக்கம் ஒன்று, "இங்கே நடப்பது உண்மையாகவே நடக்கிறது" என்ற மயக்கம் இன்னொன்று. முன்னது கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேரும் செய்திகளைப் பொறுத்தது; பின்னது, நாம் அங்கு இருப்பதை அந்த உலகம் பொருட்படுத்துகிறதா என்பதைப் பொறுத்தது. என் அனுபவத்தில் முன்னது ஐந்து நிமிடத்தில் பழகிப்போய்விடும். பின்னதுதான் நம்மைப் பிடித்து நிறுத்தும்.

அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள மரமும் பறவையும் பறையும் கருப்பொருள். அவற்றின் ஊடே எழுகின்ற உணர்வு உரிப்பொருள். கார்காலத்து மாலையையும் முல்லை அரும்பியதையும் சொல்லிவிட்டால், தலைவி காத்திருக்கிறாள் என்று தனியே சொல்ல வேண்டிய தேவை பாதி குறைந்துவிடுகிறது. நல்ல விளையாட்டுகளும் உணர்வை நேரே சொல்லாமல், நிலத்தையும் பொழுதையும் சொல்லியே அதை வரவழைக்கின்றன.

கேள்வி: புதிதாக, விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு போட்டேன். எல்லாம் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் சிறுவயதில் மங்கலான டிவியில் ஆடியபோது கிடைத்த உணர்வு வரவில்லை. வயதாகிவிட்டதா, அல்லது விளையாட்டுகள் கெட்டுவிட்டனவா? (மென்பொருள் துறையில் இருக்கும் வாசகர்)

பதில்: வயதின் மீது பழியைப் போட்டுவிடலாம், ஆனால் முழுப் பழியும் அதன் மீது விழாது.

சைலன்ட் ஹில் என்ற விளையாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1999இல் பிளேஸ்டேஷனில் வெளிவந்தது. தொலைவில் இருக்கும் கட்டடங்களையெல்லாம் வரைந்து காட்டுகின்ற வலு அந்தக் கருவிக்குக் கிடையாது. அந்தக் குறையை மறைக்க ஊர் முழுவதையும் மூடுபனியால் நிரப்பினார்கள். சில அடிகளுக்கு அப்பால் எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் என்ன இருக்கிறது என்பதை ஆடுபவரின் மனம் தானாகவே இட்டு நிரப்பிக்கொண்டது. மனம் வரைகின்ற அளவுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டாலும் வரைய முடியாது. கருவியின் இயலாமைக்குப் போட்ட திரை, அந்த ஊரின் முகமாகவே ஆகிவிட்டது.

படம் துல்லியமாக ஆக ஆக இன்னொரு சிக்கலும் சேர்ந்து வருகிறது. ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேசை மீது கண்ணாடிப் புட்டி ஒன்று இருக்கிறது. பழைய விளையாட்டில் அது ஆறு பட்டைகளோடு கூடிய பச்சைக் கட்டி. அதைச் சுட்டால் உடையும் என்று யாரும் எதிர்பார்க்கப்போவதில்லை. புதிய விளையாட்டிலோ அந்தப் புட்டியின் கழுத்தில் ஜன்னல் வெளிச்சம் வளைந்து விழுகிறது, ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது, உள்ளே இருக்கும் திரவத்தின் நிறம் மேசை மீது படிகிறது. நீங்கள் அதைச் சுடுகிறீர்கள். புட்டி அசையாமல் நிற்கிறது. அந்தக் கணத்தில் பொய்த்துப்போவது அந்தப் புட்டியோடு நிற்பதில்லை. அறை முழுவதுமே அட்டைப் பெட்டியாகிவிடுகிறது. படத்தின் ஒவ்வொரு நுணுக்கமும் ஒரு வாக்குறுதி. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத உலகம், வாக்கே கொடுக்காத உலகத்தைவிட மோசமானது.

மனித முகங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஏறத்தாழ மனிதரைப் போலவே இருந்து, ஏதோ ஒன்று மட்டும் பிசகுகின்ற உருவம் நமக்கு ஒருவித அருவருப்பைத் தருகிறது என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970லேயே எழுதிவிட்டார். கோட்டுச் சித்திரமாக இருக்கும் முகத்திடம் நாம் அந்தக் கண்டிப்பைக் காட்டுவதில்லை.

2018இல் லூகாஸ் போப் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் விளையாட்டில் மொத்தமே இரண்டு நிறங்கள்தாம். திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று இருளாக இருக்கும், இல்லையேல் வெளிச்சமாக இருக்கும். 1807இல் ஆளரவமற்றுத் திரும்பி வந்த ஒரு கப்பலில் ஏறி, அதிலிருந்த ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். சடலத்தின் அருகே சட்டைப்பைக் கடிகாரத்தைத் திறந்தால், முதலில் திரை முழுவதும் கறுத்து, அந்த மனிதரின் கடைசிக் கணங்களின் ஓசை மட்டும் கேட்கிறது: கயிறு இழுபடும் சத்தம், யாரோ கூப்பிடுகின்ற குரல், ஓர் அடி. பிறகுதான் உறைந்துபோன காட்சி வருகிறது. அதற்குள் உங்கள் மனம் அந்தக் கப்பலைக் கட்டி முடித்திருக்கும்.

ஒளி விஷயத்தில் மட்டும் புதிய கருவிகளின் பக்கம் சாய்வேன். கதவு சற்றே திறந்திருக்கும் அறைக்குள் வெளிச்சம் சுவரில் பட்டு, அங்கிருந்து சிதறிக் கூரைக்குப் போகின்ற விதத்தைப் பழைய முறைகளில் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வேண்டியிருந்தது. விளக்கை நகர்த்தினால் பொய் வெளுத்துவிடும். 2018 முதல் வீட்டுக் கணினிகளுக்கு வந்த கார்டுகள் ஒளிக்கதிர்களின் போக்கை ஆட்டம் நடக்கும்போதே கணக்கிடத் தொடங்கின. அந்தச் செலவு வீணில்லை. நீங்கள் போட்ட கார்டும் வீணில்லை. அதற்கேற்ற விளையாட்டைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: சூழலுணர்வை உண்டாக்குவதில் படத்துக்குப் பங்கு அதிகமா, ஒலிக்கு அதிகமா? ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எதைச் சொல்வீர்கள்? (ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிபவர்)

பதில்: உங்கள் தொழிலை அறிந்துகொண்டு முகத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்: ஒலிக்கே.

கண் முன்னால் இருப்பதை மட்டுமே பார்க்கிறது; காதுக்கு முதுகுப்புறமும் உண்டு. ஓர் ஓசை இடப்பக்கமிருந்து வந்தால், அது வலக்காதை அடைவதற்குள் ஏறக்குறைய 0.6 மில்லி விநாடி வரை தாமதமாகிறது. அந்தச் சிறு இடைவெளியை வைத்தே மூளை திசையைக் கணித்துவிடுகிறது. ஆகவே திரை ஒரு சதுரமாக நம் முன்னால் நின்றுவிட, ஒலி மட்டும் நம்மைச் சுற்றி நான்கு சுவர்களை எழுப்பிவிடுகிறது.

லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் உருவாக்கி 1998இல் வெளிவந்த தீஃப் விளையாட்டை இதற்கு ஒரு பாடமாகவே வைக்கலாம். அதில் நீங்கள் திருடன். சண்டையில் வெல்லக்கூடிய ஆளில்லை, இருளில் ஒளிந்து போகக்கூடிய ஆள். கம்பளத்தின் மீது நடந்தால் காலடி கேட்காது, மரத்தரையில் மெல்லக் கேட்கும், ஓடு பதித்த தரையிலோ இரும்புத் தகட்டிலோ கால் வைத்தால் மாளிகையே கேட்கும். ஒரு கூடத்தின் விளிம்பில் நிற்கிறீர்கள். எதிரே பளிங்குத் தரை, அதற்கு அப்பால் உங்களுக்கு வேண்டிய கதவு. வலப்பக்கத்து நடையில் காவலாளி ஒருவன் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறான். அவன் காலடி தேய்ந்துகொண்டே போவதைக் கேட்டுத்தான் அவன் முதுகு காட்டிவிட்டான் என்பதை அறிகிறீர்கள். பாசியை உமிழும் அம்பு ஒன்று உங்களிடம் மிச்சமிருந்தால் அதைத் தரையில் எய்து ஒரு மெத்தைப் பாதை போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்க வேண்டியதுதான். அந்தத் தரையைக் கடக்கின்ற பத்து விநாடிகளில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பீர்கள். ஒலி அங்கே அலங்காரமில்லை, அதுவே தரை, அதுவே சுவர், அதுவே கண்.

இசையைப் பொறுத்தவரை, எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவர்களே நன்றாகச் செய்கிறார்கள். 2005இல் வந்த ஷேடோ ஆஃப் த கொலோசஸ் விளையாட்டில் வீழ்த்த வேண்டியவை 16 பேருருவங்கள் மட்டுமே. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நீண்ட குதிரைப் பயணம் முழுவதும் குளம்படியும் காற்றும் தவிர வேறெதுவும் கேட்காது. பேருருவத்தை எதிர்கொண்ட பிறகுதான் இசை எழும். பசித்திருந்தவனுக்குச் சோறு கிடைத்தாற்போல அந்த இசை இறங்கும். மைன்கிராஃப்டிலும் இசை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நீங்கள் மண்ணை வெட்டிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ பியானோ தொடங்கி, வந்த வழியே போய்விடும். அது உங்களுக்காக வாசிக்கப்படவில்லை என்பதே அதன் அழகு.

ஓசையும் விதியும் ஒன்றாகிவிட்ட முதல் சில விளையாட்டுகளில் ஒன்று 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ். நான்கே கனத்த சுரங்கள், திரும்பத் திரும்ப. எதிரிகள் குறையக் குறைய அவர்கள் வேகம் கூடும், சுரங்களின் வேகமும் கூடும். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் கருவி தானாகவே வேகமெடுத்ததைப் பார்த்து, உருவாக்கிய டொமொஹிரோ நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவைத்தார். இதயத்துடிப்பைப் போன்ற அந்தத் தாளம் கேட்டவர்களின் உள்ளங்கை வியர்த்ததற்கு ஒரு கிராபிக்ஸும் தேவைப்படவில்லை.

கேள்வி: அப்படியானால் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டுமா?

பதில்: ஒலியை நம்பிக் கட்டப்பட்ட விளையாட்டுகளுக்கு, ஆம். 2017இல் வந்த ஹெல்பிளேட் விளையாட்டில் நாயகிக்குக் கேட்கும் குரல்கள், இரு காதுகளும் கேட்கும் விதத்தில் தனி முறையில் பதிவு செய்யப்பட்டவை. ஒரு குரல் பிடரிக்குப் பின்னால் நின்று கிசுகிசுப்பதை ஸ்பீக்கரில் கேட்டால் பாதி போய்விடும். மற்றபடி, அமைதியான அறையும் சுமாரான ஸ்பீக்கரும் போதும். விலையைவிட அமைதி முக்கியம்.

கேள்வி: திரையில் உயிர்க்கோடு, தோட்டா எண்ணிக்கை, மூலையில் சிறு வரைபடம் எல்லாம் இருந்தால் ஒன்றிப்போக முடியவில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் விளையாட்டு உயர்ந்துவிடுமா?

பதில்: உயரவும் செய்யும், வழிதெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கவும் செய்யும். எல்லாம் அந்த விளையாட்டு எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது.

சில விளையாட்டுகள் அந்தத் தகவல்களை உலகத்துக்குள்ளேயே குடியேற்றிவிட்டன. 2008இன் டெட் ஸ்பேஸில் உயிர் எவ்வளவு மிச்சம் என்பது நாயகனின் உடையில், முதுகுத்தண்டு நெடுக எரிகின்ற விளக்காகத் தெரியும். அதே ஆண்டு வந்த ஃபார் க்ரை 2இல் வரைபடம் என்பது கையில் பிடித்துக்கொள்ளும் காகிதம். நீங்கள் அதைப் பார்க்கும்போது உலகம் உங்களுக்காகக் காத்திருக்காது. 2010இன் மெட்ரோ 2033இல் முகமூடியின் வடிகட்டி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைக் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முகமூடிக் கண்ணாடியில் விரிசல் விழும், மூச்சு கனக்கும். "நேரமாகிவிட்டது" என்று எழுத்தில் காட்டுவதற்கும், உங்கள் மூச்சையே உங்களுக்குக் கேட்க வைப்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் அது.

ஆனால் இதை ஒரு சமயக் கொள்கையாக ஆக்கிவிடக் கூடாது. மேலே சொன்ன தீஃப் விளையாட்டில் திரையின் அடியில் ஒரு மணிக்கல் இருக்கும். நீங்கள் வெளிச்சத்தில் நின்றால் ஒளிரும், இருளில் நின்றால் கறுக்கும். அந்த உலகத்தில் அப்படியொரு கல் இல்லை. ஆனாலும் அது ஒருவரையும் வெளியே தள்ளியதில்லை. இருளில் இருப்பதைத் தோலால் உணர்கின்ற வசதி திரைக்கு இல்லாததால், அந்தக் கல் நம் தோலுக்குப் பதிலாக நின்றது.

எனக்கு உண்மையான பகை அந்த மூலை வரைபடத்தோடுதான். அண்மையில் ஒரு பெரிய திறந்தவெளி விளையாட்டை முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆடினேன். மூலை வரைபடத்தை அணைத்த அன்றுதான், நான் தினமும் குதிரையில் கடந்த ஆற்றுக்கு ஒரு பாலம் இருப்பதையும் அந்தப் பாலத்தின் ஒரு பக்கம் இடிந்திருப்பதையும் கண்டேன். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மஞ்சள் புள்ளியை. ஆனால் வரைபடத்தை நம்பியே உருவாக்கப்பட்ட விளையாட்டில் அதை அணைத்தால் பயனில்லை. வழி கேட்டால் "வடக்கே போ, கருகிய மரம் வரும், அங்கே திரும்பு" என்று சொல்கின்ற மனிதர்களை உருவாக்கியவர்கள் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால், அணைத்த பிறகு நீங்கள் தொலைந்துபோவீர்களே தவிர, அந்த இடத்துக்குள் போக மாட்டீர்கள்.

கேள்வி: பேய்ப்படங்களை இரவில் தனியாகப் பார்ப்பவன் நான். ஆனால் ஒரு திகில் விளையாட்டை இருபது நிமிடம் ஆட முடியவில்லை. இதில் என்ன நியாயம்?

பதில்: படத்தில் கதவைத் திறப்பவர் வேறொருவர். விளையாட்டில் நீங்கள் திறக்காவிட்டால் அந்தக் கதவு திறக்காது. கண்ணை மூடிக்கொண்டால் படம் தன்பாட்டுக்கு ஓடி முடிந்துவிடும். விளையாட்டு உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

2010இல் வந்த அம்னீசியா இதைக் கைக்கே கொண்டுவந்தது. அதில் கதவைத் திறக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதாது. மவுஸைப் பிடித்து இழுக்க வேண்டும், கை எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் கதவும் நகரும். ஆகவே விரற்கடை அளவு திறந்து எட்டிப் பார்க்கலாம், பதறி இழுத்துச் சாத்தலாம். ஆயுதம் எதுவும் கிடையாது. துரத்தி வருவதை உற்றுப் பார்த்தால் நாயகனின் சித்தம் கலங்கும் என்பதால், எதைக் கண்டு அஞ்சுகிறீர்களோ அதைப் பார்க்கவும் முடியாது. பார்க்காத பூதம் எப்போதும் பார்த்த பூதத்தைவிடப் பெரியது.

2014இன் ஏலியன்: ஐசொலேஷன் வேறு ஒரு தந்திரம் செய்தது. உங்களை வேட்டையாடும் அந்த உயிரை இயக்க அதில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை எப்போதும் அறிந்திருக்கும். அவ்வப்போது கீழடுக்குக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கும். கீழடுக்குதான் அந்த உயிர். அது தன் கண்ணையும் காதையும் கொண்டே உங்களைத் தேடியாக வேண்டும். எனவே அது எப்போதும் அருகிலேயே சுற்றும், ஆனால் ஏமாற்றி வந்து பிடித்தது என்று நீங்கள் குறை சொல்ல முடியாது. சேமிக்கும் வசதியைக்கூடப் பயமாக்கினார்கள்: சுவரில் இருக்கும் கருவியில் அட்டையைச் செருகிவிட்டு, மூன்று விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மூன்று விளக்குகளுக்கிடையே நான் என் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: இருபது நிமிடத்தில் எழுந்து ஓடினீர்கள் என்றால் அந்த விளையாட்டு வேலை செய்கிறது. அடுத்த முறை விளக்கைப் போட்டுக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் முயன்று பாருங்கள்.

கேள்வி: என் மகன் விளையாடும்போது நான்கு முறை கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை. வேண்டுமென்றே செய்கிறானா? (ஒரு தாயார்)

பதில்: முதல் இரண்டு முறையைப் பொறுத்தவரை அவனுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம், அம்மா. கண்ணுக்குக் கடினமான வேலை கொடுக்கப்பட்டிருக்கும்போது, காதில் தெளிவாக விழும் ஓசையையே மனம் தவறவிடுகிறது என்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. காது கேட்கிறது, கவனம் அங்கே போய்ச் சேருவதில்லை. தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள். இணையம் வழியாகப் பலரோடு சேர்ந்து ஆடும் ஆட்டமென்றால் அதை நடுவில் நிறுத்தவும் முடியாது, "இந்த ஆட்டம் எப்போது முடியும்?" என்று கேட்பது, "உடனே அணை" என்று சொல்வதைவிட விரைவில் பலன் தரும். மூன்றாவது, நான்காவது முறைகளுக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: கதை நன்றாக இருந்தால் போதாதா? எதற்கு இவ்வளவு சூழல், ஓசை என்றெல்லாம்? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

பதில்: ஐயா, கதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். யார் கையில் கதை நகர்கிறது என்பதுதான் சிக்கல். ஆடுபவரின் கையைக் கட்டிவிட்டுப் பத்து நிமிடம் படம் காட்டி, பிறகு கையை அவிழ்த்துவிட்டால், அவர் பார்வையாளராகவும் ஆட்டக்காரராகவும் மாறி மாறி உட்கார வேண்டியிருக்கிறது. வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் அப்படிச் செய்யவில்லை. தொடக்கத்தில் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள். நிலத்தடி ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு தொங்கு வண்டி உங்களை நெடுந்தூரம் கொண்டுபோகிறது. சண்டையில்லை, எதிரியில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் நீங்கள் நடக்கலாம், எந்த ஜன்னல் வழியாக வேண்டுமானாலும் பார்க்கலாம். கதவருகே காத்து நிற்கும் காவலாளியை நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்பது உங்கள் விருப்பம். பின்னால் அந்த இடம் சிதையும்போது, சிதைவது நீங்கள் வேலைக்கு வந்த இடம்.

கதை ஒன்று சொல்லி, கை வேறொன்று செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007இல் எழுதிய ஒரு விமர்சனத்திலிருந்து அது பரவியது. தமிழில் கதை–ஆட்ட முரண் என்று சொல்லிக்கொள்ளலாம். மகளைத் தேடித் துடிக்கின்ற தந்தை என்று கதை சொல்கிறது. அந்தத் தந்தையோ வழியில் இரண்டு நாள் மீன்பிடித்துக்கொண்டிருக்கிறார், ஏனென்றால் மீன்பிடித்தால் பரிசு உண்டு.

நீங்கள் தமிழாசிரியர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். படமே இல்லாமல், வெறும் சொற்களால் இடத்தை எழுப்பிய விளையாட்டுகளும் உண்டு. 1970களின் நடுவில் வில் கிரவுதர் என்ற நிரலாளர் எழுதிய குகை விளையாட்டில் ஆடுபவர் வடக்கு, தெற்கு என்று தட்டச்சு செய்வார்; கணினி அந்த இடத்தை இரண்டு வரிகளில் விவரிக்கும். கிரவுதர் குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் எழுதிய அனுபவமுள்ளவர். கென்டக்கியின் மாமத் குகைத் தொகுதியில் தாம் கண்ட பகுதியையே விளையாட்டில் வைத்தார். எந்த வழி எதில் போய் முட்டும் என்பது அவருக்கு உடம்பாலேயே தெரிந்திருந்தது. சொற்கள் சிக்கனமானவை, ஆனால் அந்த இடம் உறுதியானது.

கேள்வி: மெய்நிகர் ஹெட்செட் வந்தபின் இந்தப் பேச்செல்லாம் தேவையில்லையே? அதைப் போட்டுக்கொண்டாலே உள்ளே போய்விடலாமே?

பதில்: உள்ளே போய்விடலாம், சில சமயம் போன வேகத்தில் வாந்தியோடு திரும்பியும் வரலாம். தலையைத் திருப்பியதற்கும் படம் திரும்புவதற்கும் இடையில் ஏறக்குறைய 20 மில்லி விநாடிக்கு மேல் தாமதமானால் உடம்பு அதைக் கண்டுகொள்ளத் தொடங்குகிறது. 2016இல் கடைக்கு வந்த முக்கிய ஹெட்செட்டுகள் விநாடிக்கு 90 படங்கள் காட்டியது அதனால்தான். தாமதமே இல்லாவிட்டாலும், கண் "ஓடுகிறோம்" என்றும், உட்செவி "உட்கார்ந்திருக்கிறோம்" என்றும் சாட்சி சொன்னால் வயிறு குழம்பிவிடும்.

ஸ்லேட்டர் சொன்ன முதல் மயக்கத்தை ஹெட்செட் எளிதாகத் தந்துவிடுகிறது. இரண்டாவதோ முன்னைவிடக் கடினமாகிறது; கை வந்துவிட்டதால், கை தொடுவதெல்லாம் பதில் சொல்ல வேண்டும். 2020இன் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸில் தொடக்கத்திலேயே ஒரு கண்ணாடிப் பலகையும் சில மார்க்கர்களும் இருக்கும். கதைக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் எடுத்து எழுதினால் எழுதும். பூதங்களும் நகரமும் காத்திருக்க, அங்கே நின்று தம் பெயரை எழுதிப் பார்த்தவர்கள் ஏராளம்.

கேள்வி: நானும் நண்பன் ஒருவனும் சேர்ந்து முதல் விளையாட்டை உருவாக்குகிறோம். பணமில்லை, ஓவியரும் இல்லை. சூழலுணர்வுக்கு எங்கே தொடங்குவது?

பதில்: உலகத்தில் தொடங்காதீர்கள்; ஓர் அறையில் தொடங்குங்கள். அதில் ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு விளக்கு மட்டும் இருக்கட்டும். வெளியே என்ன பொழுது, என்ன வானிலை என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். பிறகு எதையும் அதற்கு முரணாக வைக்காதீர்கள்.

அடுத்து ஓசை. உங்கள் கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவிதான். தரைக்கு ஏற்ற நான்கைந்து காலடி ஓசைகளைப் பதிவு செய்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யுங்கள். ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்தால் பத்தாவது அடியில் காது கண்டுபிடித்துவிடும். ஜன்னலைச் சாத்தினால் மழை மங்கிக் கேட்க வேண்டும். இன்சைட் விளையாட்டுக்காக ஒலிவடிவமைப்பாளர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன் ஓசைகளை ஓர் உண்மையான மண்டையோட்டுக்குள் செலுத்தி, அது அதிர்ந்ததைப் பதிவு செய்தார். மண்டையோட்டுக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. ஒரு தகரப் பெட்டிக்குள் ஸ்பீக்கரை வைத்துப் பதிவு செய்தாலே, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு நிலவறை கிடைக்கும்.

கடைசியாக, அந்த அறையில் ஆடுபவர் தொட்டுப் பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, பதில் சொல்ல முடியாதவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். அலமாரியைத் திறக்க நிரல் எழுத நேரமில்லையா, அலமாரியே வேண்டாம். மிச்சமிருக்கும் விளக்கை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள்: அணைத்தால் ஒரு சொடுக்கு கேட்கட்டும், ஜன்னலின் நீல வெளிச்சம் மெதுவாகக் கண்ணுக்குப் புலப்படட்டும், அதுவரை இரைச்சலில் கேட்காமலிருந்த சுவர்க்கடிகாரம் இப்போது கேட்கட்டும். பிறகு விளையாட்டே ஆடிப் பழக்கமில்லாத ஒருவரை உட்கார வைத்து, ஒன்றும் சொல்லாமல் பின்னால் நின்று பாருங்கள். அவர் விளக்கை இரண்டாவது முறை அணைத்துப் போட்டால், அடுத்த அறைக்குப் போகலாம்.